படிக்கட்டும் மேடையும்

பாரிஸ் ஓபரா மாளிகையைப் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் இரண்டு வகையினர். பளிங்கையும் தங்கப் பூச்சையும் எண்ணிக் கணக்குக் கொடுப்பவர்கள் ஒரு வகை. நிலவறைத் தண்ணீர்த் தொட்டியையும், 1896இல் சரவிளக்கின் எதிர் எடை விழுந்து ஒருவர் இறந்ததையும், காஸ்தோன் லெரூவின் பேய்க்கதையையும் சுற்றிச் சுற்றி வருபவர்கள் இன்னொரு வகை. இவர்கள் இருவருக்குமே அங்கே என்ன பாடப்பட்டது என்பது ஒரு பொருட்டில்லை. எனக்கோ அந்த மாளிகையின் சரித்திரம் ஒரு தகராறின் சரித்திரமாகவே படுகிறது. கட்டடத்துக்கும் அதனுள் நிகழ வேண்டிய கலைக்கும் இடையில் இன்றுவரை தீராத தகராறு.

அந்தக் கட்டடத்தின் விதை சங்கீதம் அல்ல, பயம். 1858 ஜனவரி 14 அன்று, லெ பெலெத்தியே தெருவிலிருந்த பழைய ஓபராவுக்கு மூன்றாம் நெப்போலியன் வந்து இறங்கியபோது ஓர்ஸினியின் ஆட்கள் குண்டு வீசினார்கள். சக்கரவர்த்தி தப்பினார், தெருவில் நின்றவர்கள் செத்தார்கள். குறுகலான தெரு இனி ஆகாது, விசாலமான இடத்தில் புது ஓபரா வேண்டும் என்று முடிவாயிற்று. போட்டிக்கு வந்த 171 திட்டங்களில், அதிகம் அறியப்படாத 35 வயது சார்ல் கார்னியேயின் திட்டம் 1861இல் தேர்வாயிற்று. சக்கரவர்த்தியின் வண்டி தெருவில் நிற்காமல் நேரே மேலேறிக் கட்டடத்துக்குள் புகுவதற்கென்றே மேற்குப் புறத்தில் சாய்தளம் ஒன்று அமைத்தார் அவர். அதில் எந்தச் சக்கரவர்த்தியும் ஏறவில்லை. 1870இல் சாம்ராஜ்யம் விழுந்தது. 1873இல் நாடு கடந்த நிலையில் நெப்போலியன் இறந்தார். அந்தப் பகுதியில் இன்று நூலகமும் அருங்காட்சியகமும் இருக்கின்றன.

கார்னியே தேர்வான அதே 1861இன் மார்ச் மாதத்தில் பழைய ஓபராவில் வாக்னரின் ‘டான்ஹாய்ஸர்’ மூன்றே இரவுகள் நடந்து நின்றுபோயிற்று. ஜாக்கி கிளப் கனவான்கள் சாப்பாட்டை முடித்துக்கொண்டு தாமதமாக வருகிறவர்கள். அவர்கள் வரும் நேரத்துக்கு, அதாவது இரண்டாம் அங்கத்தில், நடனம் வர வேண்டும் என்பது சம்பிரதாயம். வாக்னர் அதை முதல் அங்கத்தில் வைத்தார். கனவான்கள் விசிலடித்துக் கூச்சலிட்டுக் கலைத்தார்கள். வாக்னரின் பக்கம் நின்று கட்டுரை எழுதியவர் போதலேர். தேர்ந்த சங்கீத நிபுணர்களுக்குக் கேட்காதது ஒரு கவிஞனுக்குக் கேட்டது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

கார்னியே கட்டியது விசிலடித்த அந்தக் கூட்டத்துக்காகத்தான். இதை நான் வசையாகச் சொல்லவில்லை. கட்டடத்தின் நெடுக்குவெட்டுப் படத்தைப் பார்த்தால் போதும். ஏறத்தாழ 2,000 பேர் உட்காரும் கூடம் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிறது. அதற்கு முன்னால் சுமார் 30 மீட்டர் உயரத்துக்குப் படிக்கட்டு மண்டபம். சுற்றிலும் அடுக்கடுக்காக மாடங்கள். ஏறுகிறவர்களை நிற்கிறவர்கள் பார்க்க, நிற்கிறவர்களை ஏறுகிறவர்கள் பார்க்க. உண்மையான மேடை அதுதான். கார்னியே இதை மறைக்கவுமில்லை. பார்க்க வந்தவர்களும் காட்சியின் பகுதியே என்பதை 1871இல் வெளியிட்ட தன் நூலில் கொள்கையாகவே முன்வைத்தார். இந்த நேர்மைக்காக அவரை மதிக்கிறேன். தான் யாருக்காக உழைக்கிறோம் என்று தெரிந்து உழைத்தவர்.

முற்றுகைக் காலத்தில் பாதி கட்டிய மாளிகை உணவுக் கிடங்காயிற்று. 1873 அக்டோபரில் பழைய ஓபரா எரிந்துபோனதால் வேலை துரிதமடைந்து, 1875 ஜனவரி 5 அன்று திறப்பு விழா நடந்தது. அன்றிரவு முழுமையாக ஒரு ஓபராகூட மேடையேறவில்லை. ஹலேவியின் ‘யூதப் பெண்’ணிலிருந்து இரண்டு அங்கம், மேயர்பீரிலிருந்து ஒரு காட்சி, இடையிடையே முகப்பிசைகள், கொஞ்சம் பாலே. துண்டு துணுக்குகள். படிக்கட்டு மட்டும் முழுமையாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, மார்ச் 3 அன்று, அதே நகரத்தில் ஓபரா-கொமிக் அரங்கில் பிஸேயின் ‘கார்மென்’ முதன்முதலில் நடந்தது. சுருட்டுத் தொழிற்சாலைப் பெண் ஒருத்தியின் கதை. வரவேற்பு குளிர்ந்திருந்தது, ஜூனில் பிஸே இறந்தார். 1902இல் தெபுஸ்ஸியின் ‘பெலெயாஸ்’ வந்ததும் அதே ஓபரா-கொமிக்கில்தான். பெரிய மாளிகை நிமிர்ந்து நிற்க, சிருஷ்டி பக்கத்துத் தெருவில் நடந்துகொண்டிருந்தது.

1876இல் வாக்னர் பைராய்த்தில் இதற்கு நேர்மாறான ஒன்றைக் கட்டினார். பக்கவாட்டில் பாக்ஸ்கள் இல்லை, இசைக்குழு பள்ளத்தில் மறைந்திருந்தது, கூடம் இருட்டு, எல்லார் முகமும் மேடையை நோக்கி. இதுதான் கலைக்கான கட்டடம், கார்னியேயுடையது வெறும் ஆடம்பரம் என்று முடித்துவிடுவது சுலபம். நான் அப்படி முடிக்கத் தயாரில்லை. பார்வையாளனைத் தன்னிடமிருந்து பிடுங்கி இருட்டில் மண்டியிட வைப்பதும் ஓர் அதிகாரமே. கார்னியேயின் வெளிச்சத்தில் குறைந்தபட்சம் யார் யாரென்று தெரிகிறது.

தெரிந்தும் சொல்லப்படாத ஒன்று அங்கே இருந்தது. மேடைக்குப் பின்னால் அலங்காரமான நடன அறை ஒன்று. ஒத்திகைக்கென்று பெயர். சந்தா கட்டிய கனவான்களுக்கு அங்கே நுழைய உரிமை உண்டு. ஏழை வீடுகளிலிருந்து வந்த நடனச் சிறுமிகள் அங்கே அவர்கள் கண்ணில் பட நின்றார்கள். தெகாவின் படங்களில் திரை ஓரமாக நிற்கும் கறுப்புத் தொப்பிகள் இவர்களுடையவைதான். 1869இல் முகப்பில் திறந்துவைக்கப்பட்ட கார்ப்போவின் ‘நடனம்’ சிற்பம் ஆபாசம் என்று சொல்லி யாரோ அதன்மேல் மைப்புட்டியை வீசினார்கள். கல்லில் இருந்த நிர்வாணம் மானத்தைக் கெடுத்தது. உள்ளறையில் நடந்த வியாபாரம் கெடுக்கவில்லை.

1964இல் மால்ரோவின் ஏற்பாட்டில் ஷகால் கூடத்தின் கூரையைப் புதிதாக வரைந்தார். லெனெப்வேயின் பழைய ஓவியம் அழிக்கப்படவில்லை. ஷகாலின் வண்ணங்கள் கழற்றக்கூடிய சட்டத்தில் அதன் கீழே பொருத்தப்பட்டன. அதே ஆண்டு கார்ப்போவின் மூலச் சிற்பத்தை எடுத்துவிட்டு நகலை வைத்தார்கள். இதை நவீனத்துவத்தின் வெற்றி என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பழையதைத் தொடாமல் அதன்மேல் மூடி போடுவது சமரசம்தான். ஷகாலின் நீலமும் மஞ்சளும் அழகாக இருப்பது வேறு விஷயம்.

1967இல் ஒரு ஜெர்மன் பத்திரிகைப் பேட்டியில் ஓபரா மாளிகைகளைத் தகர்த்துவிடலாம் என்று பியர் பூலெஸ் சொன்னார். அதே பூலெஸ் 1979 பிப்ரவரி 24 அன்று இதே மாளிகையில் ஆல்பன் பெர்க்கின் ‘லுலு’வை மூன்று அங்கங்களும் முழுமையாக, உலகிலேயே முதன்முறையாக நடத்தினார், அரங்க நெறியாள்கை பத்ரீஸ் ஷெரோ. பெர்க் 1935இல் முடிக்காமல் இறந்த படைப்பு. மூன்றாம் அங்கத்தை நிறைவு செய்தவர் செர்ஹா. கௌரவமான ஆண்கள் கைமாற்றிக் கைமாற்றிக் கடைசியில் தெருவில் விலைபோகும் ஒரு பெண்ணின் கதை அது. எந்த மேடைக்குப் பின்னால் அந்த நடன அறை இருந்ததோ, அந்த மேடையில் அது நூறாண்டு கழித்துச் சொல்லப்பட்டது. இதைத் தற்செயல் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. பைராய்த்தின் இருட்டில் ‘லுலு’வுக்கு இந்த அர்த்தம் கிடைத்திருக்காது. கட்டடம் தன் சரித்திரத்தோடு நின்றதால்தான் படைப்பு அதற்கு எதிராகப் பேச முடிந்தது. தகர்த்திருந்தால் சாட்சியும் போயிருக்கும்.

படிக்கட்டின் மேட்டிமையைத் திருத்தவென்று அரசாங்கம் பாஸ்டிலில் மக்களுக்கான புது ஓபராவைக் கட்டியது. வரைந்தவர் கார்லோஸ் ஓட். 1989 ஜூலை 13 அன்று, புரட்சியின் இருநூறாம் ஆண்டுக்காக, நாட்டுத் தலைவர்கள் முன்னிலையில் திறப்பு விழா. முழு ஓபரா ஒன்று, பெர்லியோஸின் ‘ட்ராய் மக்கள்’, அங்கே மேடையேறியது 1990 மார்ச்சில். ஆக, சக்கரவர்த்தி போய் ஜனாதிபதி வந்தும் வரிசை மாறவில்லை. முதலில் விழா, பிறகு கலை. பின்னாளில் முகப்புக் கற்கள் பெயரத் தொடங்க, வருடக்கணக்கில் வலை கட்டி வைத்திருந்தார்கள்.

2019 டிசம்பர் 24 அன்று, ஓய்வூதியச் சீர்திருத்தத்தை எதிர்த்து வேலைநிறுத்தத்தில் இருந்த நடனப் பெண்கள், கார்னியே மாளிகையின் வாசலில், குளிரில், ‘ஸ்வான் லேக்’கிலிருந்து ஒரு பகுதியை ஆடினார்கள். இசைக்குழுவினரும் வெளியே வந்து வாசித்தார்கள். அவர்கள் காக்க நினைத்தது பதினான்காம் லூயி காலத்தில், 1698இல் தொடங்கிய ஓய்வூதிய ஏற்பாடு. 42 வயதில் மேடையை விட்டு இறங்க வேண்டியவர்களின் பிழைப்பு. அந்த ஆட்டத்துக்குச் சந்தாவும் இல்லை, பாக்ஸும் இல்லை. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். மாளிகை அவர்களுக்குப் பின்னால் வெறும் திரைச்சீலையாக நின்றது. அதன் வரலாற்றை எழுதப்போகிறவர்கள் பளிங்கை அளப்பதற்கு முன் அந்தப் பெண்களின் சம்பளப் பட்டியலைப் புரட்டட்டும்.