காரம் விலகினால் ஊறுகாய் தெரியும்

மளிகைக் கடை அலமாரியில் ஊறுகாய் வரிசை எப்போதும் சிவப்பாகத்தான் இருக்கிறது. மாங்காய், எலுமிச்சை, பூண்டு, தக்காளி என்று பாட்டிலின் மேல் பெயர் மாறினாலும் உள்ளே அதே சிவப்பு, அதே எண்ணெய் மினுமினுப்பு. காயைத் தொடாமல் மசாலாவை மட்டும் நாக்கில் வைத்தால் எது எலுமிச்சை, எது மாங்காய் என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனாலும் ‘எனக்கு எலுமிச்சைதான்’, ‘எனக்கு ஆவக்காய்தான்’ என்று ஆளுக்கொரு கட்சி உண்டு. அந்த விருப்பம் மிளகாய்த் தூளைப் பற்றியதாக இல்லாமல் காயைப் பற்றியதாக இருக்க வேண்டுமானால், காரத்தை ஒதுக்கிவைத்து ஊறுகாயை ருசிக்கப் பழக வேண்டும். உப்பும் புளிப்பும், அவை காய்க்குள் இறங்க எடுத்துக்கொண்ட நாட்களும்தான் ஊறுகாய். காரம் அதற்கு மேல் வந்து சேர்ந்தது.

காலவரிசையும் அதைத்தான் சொல்கிறது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி; கொலம்பஸின் பயணங்களுக்குப் பிறகு, போர்த்துகீசியர் வழியாக நம் கரைக்கு வந்தது. அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே, தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, வழிப்போக்கனான பாணனுக்கு அந்தணர் வீட்டில் கிடைக்கும் சாப்பாட்டைச் சொல்லும்போது மாவடு போட்ட காடியைச் சொல்கிறது. பக்கத்திலேயே வெண்ணெயும் மிளகும் கறிவேப்பிலையும் சேர்ந்த மாதுளங்காய்க் கறி. மிளகாய் என்ற ஒன்றே தெரியாத அந்த இலையில் மாவடு இருந்திருக்கிறது. இன்று மிளகாய் வேண்டாம் என்பதல்ல என் வாதம். அது இல்லாமலும் நிற்கக்கூடிய ஊறுகாய்தான் நல்ல ஊறுகாய் என்கிறேன்.

பழகுவதற்கு மாவடுவைவிட நல்ல பாடம் இல்லை. மாசி, பங்குனியில் அழகர்கோயில், நத்தம் பக்கத்திலிருந்து மதுரைக் கடைத்தெருவுக்கு வடு வந்து குவியும். காம்போடு இருப்பதாக, கையில் அழுத்தினால் கல் போல இருப்பதாக, அடிபடாததாகப் பார்த்து வாங்க வேண்டும். கழுவித் துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, கல் உப்பும் மஞ்சளும் கடுகுப் பொடியும் கொஞ்சம் மிளகாய்த் தூளும் போட்டு ஜாடியில் அடைத்து, தினமும் குலுக்கிவிடுவார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றுவதில்லை. உப்பு காயிலிருந்தே நீரை வெளியே இழுக்கிறது. சில நாளில் வடு சுருங்கி, தன் சாற்றிலேயே மிதக்கிறது. சுருங்கிய தோல் கெட்டுப்போன அடையாளமல்ல, உப்பு தன் வேலையைச் செய்துவிட்ட அடையாளம். மொழுமொழுவென்று உப்பிய வடு இன்னும் ஊறவில்லை என்று பொருள். ஒன்றைக் காம்பைப் பிடித்து எடுத்து, முழுசாக வாயில் போட்டுக்கொள்ளாமல், பாதியாகக் கடித்துப் பாருங்கள். முதலில் உப்பு, அதன் பின்னாலேயே புளிப்பு. மெல்ல மெல்லத் தோலின் துவர்ப்பு வரும். கொட்டை இன்னும் இறுகாததால் பல் அதையும் கடந்துபோகும், அங்கே இலேசான கசப்பு. கடைசியில் மூக்கில் ஏறுவது கடுகு. கடுகை அரைத்து ஈரம் பட்டால்தான் அந்த நெடி பிறக்கும். அது ஆவியாகி மூக்குக்குப் போய்விடும், மிளகாயைப் போல நாக்கிலேயே உட்கார்ந்து எரிக்காது. அதனால்தான் கடுகு தூக்கலான ஊறுகாயில் காயின் ருசி தப்பிப் பிழைக்கிறது.

ருசி அவரவர் விருப்பம், அதை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை என்று சிலர் சொல்லக்கூடும். விருப்பம் அவரவருடையதுதான். ஆனால் வித்தியாசம் தெரிந்த பிறகு தேர்ந்தெடுப்பதே விருப்பம். தெரியாமல் எடுப்பது வெறும் பழக்கம். தவிர, ஊறுகாய் தனியாக நிற்கும் பண்டமல்ல, எதற்குத் தொட்டுக்கொள்கிறோம் என்பதில்தான் பாதி ருசி இருக்கிறது. ஓடோடு வெட்டிய மாங்காயும் கடுகுப் பொடியும் நல்லெண்ணெயும் சேர்ந்த ஆந்திரத்து ஆவக்காய்க்குச் சுடுசாதமும் நெய்யும் வேண்டும். மிளகாயின் எரிச்சலைத் தரும் பொருள் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். நெய் அதைத் தணித்த பிறகுதான் மாங்காய் முன்னால் வருகிறது. அதே ஆவக்காயைத் தயிர்சாதத்தோடு சேர்த்தால் எண்ணெய் மிஞ்சி நிற்கிறது. எண்ணெயே இல்லாதது போல இருக்கும் மாவடுவும் உப்பு நார்த்தங்காயும்தான் தயிருக்குப் பொருந்துகின்றன. மோருஞ்சாதத்துக்கு நார்த்தங்காயின் கசப்பு எவ்வளவு தேவை என்பது, எண்ணெய் ஊறுகாயை ஒரு வாரம் தள்ளிவைத்தால் தானே புரியும்.

வீட்டில் போட எல்லோருக்கும் நேரம் கிடையாது, கடையில்தான் வாங்க வேண்டியிருக்கிறது. அப்படியானால் பாட்டிலைத் திருப்பி, பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலைப் படியுங்கள். எடையில் எது அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது சட்டம். காய்க்கு முன்னால் எண்ணெய் வந்திருந்தால் நீங்கள் வாங்குவது எண்ணெய். என்ன எண்ணெய் என்பதையும் பாருங்கள். நல்லெண்ணெய்க்குச் சொந்த மணம் உண்டு, மணமில்லாத மலிவான எண்ணெயில் அந்த இடத்தை மிளகாய்தான் நிரப்ப வேண்டியிருக்கும். அடுத்து அசெட்டிக் அமிலம். மேலைநாட்டு வினிகர் ஊறுகாய்களில் அது முறையான சேர்மானம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாங்காய் ஊறுகாயில் வரும்போது மட்டும் கேள்வி எழுகிறது: காய்க்கே புளிப்பு இருக்க, வெளியிலிருந்து ஏன்? கெடாமல் இருக்க என்பார்கள், அது நியாயமான காரணம்தான். ஆனால் அந்தப் புளிப்பு மூடியைத் திறந்ததும் சுருக்கென்று மூக்கைத் தாக்கிவிட்டு, நாக்கில் தொடராமல் போய்விடும். காயின் புளிப்பு மெதுவாக வரும், நின்று போகும். இரண்டையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் பிறகு குழம்புவதில்லை.

உப்பைப் பற்றிய எச்சரிக்கைதான் எல்லாவற்றிலும் கனமான மறுப்பு. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு சாப்பிடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். மற்றவர்களுக்கு வழி, உப்பைக் குறைத்த ஊறுகாய் அல்ல. உப்பு குறைந்தால் காய் கெடும், அதைக் காக்க வேறொன்றைக் கொட்ட வேண்டிவரும். ஊறுகாயின் அளவைக் குறைக்கலாம், கூடவே சாதத்தின் உப்பையும் குறைக்கலாம். தயிர்சாதத்தை உப்பே போடாமல் பிசைந்து ஒரே ஒரு வடுவை வைத்துக்கொண்டால், அந்த வடு ஒரு கிண்ணம் சாதத்துக்குப் போதும். உப்பில்லாத சாதத்துக்கு நடுவில் அதன் துவர்ப்பும் கசப்பும் இன்னும் தெளிவாகத் தெரியும். வடு தீர்ந்த பிறகு ஜாடியில் நிற்கும் சாற்றையும் கொட்ட வேண்டாம். நீர்மோரில் ஒரு ஸ்பூன் விட்டால் தனியாக உப்புப் போட வேண்டியதில்லை.