வளர்பருவ நாவலும் வகுப்பறைக் குறியீடும்: ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ வழி ஓர் ஆய்வு

முன்னுரை

தற்கால இலக்கியம் கல்லூரிப் பாடத்திட்டத்தில் இடம்பெற்ற பின்னர், நாவலைக் கற்பிப்பதில் ஒரு முறை வழக்கமாகிவிட்டது. கதைச் சுருக்கம், பாத்திரப் படைப்பு, மையக்கருத்து, குறியீடு என்னும் தலைப்புகளில் நாவல் பகுத்துரைக்கப்படுகிறது. இவற்றுள் குறியீடு பற்றிய பகுதி பெரும்பாலும் ஒரு பட்டியலாகச் சுருங்கிவிடுகிறது. இன்ன பொருள் இன்ன கருத்தைக் குறிக்கும் என்று மாணவர் எழுதிக்கொள்கின்றனர். வளர்பருவ நாவல்களைப் பொறுத்தவரை இம்முறை நூலின் உயிர்நிலையையே மறைத்துவிடக் கூடும். இதனை அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ (1977) நாவலைக் கொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

நாவலின் களமும் வடிவமும்

இளைஞன் ஒருவன் அறியாமையினின்று நீங்கி உலகை அறிந்துகொள்வதைப் பொருளாகக் கொண்ட நாவல் வகைக்குக் கெதேயின் வில்ஹெல்ம் மைஸ்டர் நாவலை (1795-96) முன்மாதிரியாகக் காட்டுவர். அங்கு நாயகன் பல அனுபவங்களின் முடிவில் சமுதாயத்தில் தனக்குரிய இடத்தை அடைகிறான். அசோகமித்திரனின் நாயகன் சந்திரசேகரனுக்கு அத்தகைய இடம் கிட்டுவதில்லை.

அவன் நிஜாம் ஆட்சிக்குட்பட்ட செகந்தராபாத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவன். இரயில்வே ஊழியரின் மகன். பல சமயத்தாரும் அண்டை அயலாராக வாழும் குடியிருப்பு, கிரிக்கெட் ஆட்டம், கல்லூரி, வீட்டு மாடு ஆகியன அவன் உலகம். 1947 ஆகஸ்டில் ஐதராபாத் சமஸ்தானம் இந்தியாவுடன் இணையவில்லை. ரஜாக்கர்களின் வன்முறை பெருகியது. 1948 செப்டம்பர் 13ஆம் நாள் இந்தியப் படை நுழைந்தது. ஐந்தே நாட்களில் நிஜாம் பணிந்தார். இவ்வரலாறு நாவலில் மேடையேறிப் பேசுவதில்லை. இளைஞனின் அன்றாட வாழ்வினூடே மெல்லக் கசிகிறது. தன்மையும் படர்க்கையும் மாறிமாறி வரும் எடுத்துரைப்பு, தன்னைத் தானே வெளியே நின்று காணக் கற்கும் ஒருவனின் நிலையை உணர்த்துகிறது எனலாம்.

பொருளும் குறியீடும்

கிரிக்கெட் ஆட்டத்தைச் சமய நல்லிணக்கத்தின் குறியீடு எனக் கூறுவது எளிது. ஆயின் சந்திரசேகரனுக்கு அது முதற்கண் ஆட்டமேயாகும். அணியில் இடம் கிடைக்குமா என்னும் கவலையும் தோழரோடு கொள்ளும் பூசலும் மெய்யானவை. அவை மெய்யாக இருப்பதனாலேயே, பின்னர் நேரும் பிரிவு நம்மைத் தாக்குகிறது.

இவ்வுண்மை தமிழ்க் கவிதை மரபுக்குப் புதியதன்று. உள்ளுறை, தெய்வம் நீங்கலான கருப்பொருளை நிலைக்களமாகக் கொண்டு பிறக்கும் என்பது தொல்காப்பியர் கருத்து. பொய்கையும் மீனும் முதலில் அந்நிலத்தின் பொய்கையும் மீனுமே; பின்னரே அவை தலைவனையும் பரத்தையையும் நினைவூட்டுகின்றன. பொருளை இழந்து கருத்து மட்டும் எஞ்சுமாயின் அங்கு உள்ளுறை இல்லை.

நாவலின் தலைப்பையும் இவ்வாறே அணுகலாம். மாணவர் முதலில் நிலப்படத்தைத் திறந்து பார்த்தல் வேண்டும். செகந்தராபாத் ஏறத்தாழப் பதினேழரைப் பாகையில் உள்ளது. பதினெட்டாவது கோடு நகருக்குச் சுமார் 60 கிலோமீட்டர் வடக்கே செல்கிறது. தரையில் அதற்கு எவ்வித அடையாளமும் இல்லை. கண்ணுக்குப் புலப்படாத கோடுகள் மனிதரை எவ்வாறு பிரிக்கின்றன என்னும் வினா இதன்பின் தானே எழும்.

இறுதிக் காட்சி

கலவர இரவில் ஓடும் சந்திரசேகரன் ஏழை முஸ்லிம் குடும்பம் ஒன்றின் இருப்பிடத்தில் புகுந்துவிடுகிறான். அவனைக் கொல்ல வந்தவன் எனக் கருதி அவர்கள் நடுங்குகின்றனர். தன்னைச் சேர்ந்தோரைக் காக்கும் பொருட்டு ஓர் இளம்பெண் ஆடை களைந்து அவன்முன் நிற்கிறாள். அவன் அருவருப்பும் அவமானமும் மேலிட அங்கிருந்து ஓடுகிறான்.

இப்பெண்ணை ‘மானமிழந்த நாட்டின் குறியீடு’ என எழுதி முடித்துவிடலாம். காட்சியைப் பேசக் கூசும் ஆசிரியர்க்கு அது நல்ல புகலிடமும் ஆகும். ஆனால் அங்கு நிகழ்வது என்ன? அக்குடும்பத்தார் கண்ணில் சந்திரசேகரன் தனிமனிதன் அல்லன். வென்ற கூட்டத்தின் அடையாளம். கலவரக்காரர் கண்ணில் அப்பெண்ணும் அவ்வாறே. மனிதரை அடையாளமாக மாற்றுவதே கலவரத்தின் தருக்கம். அக்கணத்தில் தான் எவ்வாறு காணப்படுகிறோம் என்பதையும் எதிரில் நிற்பவள் ஒரு பெண் என்பதையும் அவன் ஒருங்கே அறிகிறான். அவன் அடையும் முதிர்ச்சி இதுவே. அவளை மீண்டும் குறியீடாக்கும் வகுப்பறை, அவன் கற்றதைக் கல்லாது விடுகிறது.

வரலாற்றையும் இங்கு மறத்தலாகாது. படை நடவடிக்கைக்குப் பின் நேர்ந்த கொலைகளை ஆராய நேரு அரசு அனுப்பிய பண்டித சுந்தர்லால் குழு, இறந்தோர் 27,000 முதல் 40,000 வரை இருக்கலாம் எனக் குறைந்த அளவில் மதிப்பிட்டது. அவ்வறிக்கை நெடுங்காலம் வெளியிடப்படவில்லை. அரசு பேசாதிருந்த ஒன்றை, ஒரு வீட்டின் அளவில், 1977இலேயே நாவல் பேசியது.

கற்பிக்கும் நெறி

குறியீட்டை அறவே விலக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. வினாக்களின் வரிசையை மாற்றுதல் போதும். இப்பொருள் கதைமாந்தர் வாழ்வில் என்னவாக உள்ளது என்பது முதல் வினா. கதையின் தொடக்கத்தில் இருந்த அதன் மதிப்பு இறுதியில் எவ்வாறு மாறியது என்பது இரண்டாவது. அம்மாற்றத்தை இளைஞன் உணர்ந்தானா, வாசகர் மட்டும் உணர்கின்றனரா என்பது மூன்றாவது. ‘இது எதைக் குறிக்கிறது?’ என்பது இறுதியில் வரத்தக்கது. மூன்றாம் வினாவே வளர்பருவ நாவலுக்குச் சிறப்பாக உரியது. நாயகனின் அறிவுக்கும் வாசகரின் அறிவுக்கும் உள்ள இடைவெளியிலேயே இவ்வகை நாவல் இயங்குகிறது.

முடிவுரை

வளர்பருவ நாவலைப் பயில்வோர் பெரும்பாலும் சந்திரசேகரனின் வயதினரே. பெயரையும் உடையையும் கொண்டு மனிதரை அடையாளப்படுத்தும் வழக்கம் அவர்களைச் சுற்றியும் உள்ளது. அவ்வழக்கத்திற்கு நாவல் ஒரு மாற்றுப் பயிற்சியாக அமைய வேண்டுமாயின், பொருளைப் பொருளாகவும் மனிதரை மனிதராகவும் முதலில் காணும் வாசிப்பை வகுப்பறை கற்பித்தல் வேண்டும். குறியீடு அதன்பின் வரட்டும்.