தகவலாளிக்கு என்ன திரும்புகிறது?

மாசி மகத்தையொட்டி ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகர் தீர்த்தவாரிக்காகக் கிள்ளைக் கடலுக்குப் போகிறார். வழியில் தைக்கால் தர்காவின் முன்பு முஸ்லிம்கள் எதிர்கொண்டு மரியாதை செய்கிறார்கள். சாமி தரப்பிலிருந்தும் தர்காவுக்கு மரியாதை போகிறது. ஏன் என்று கேட்டால் ஒரு நவாபின் தீராத நோய் தீர்ந்த கதையைச் சொல்வார்கள். பத்திரிகைகள் 'மத நல்லிணக்கம்' என்று ஒரு படம் போட்டு முடித்துக்கொள்ளும். இந்தப் பாதையில் எந்தச் சாதிக்கு எங்கே மண்டகப்படி, யார் தூக்குகிறார்கள், யார் விலகி நிற்கிறார்கள், வயல்காட்டுக்கும் கடற்கரைக்கும் நடுவே இந்த ஊர்வலம் எந்த உடன்படிக்கையை வருஷா வருஷம் புதுப்பிக்கிறது என்ற கேள்விகள் சாமி பின்னாலேயே போய்விடுகின்றன.

இப்படிப்பட்ட கேள்விகளை மதுரையில் கேட்டவர் தொ. பரமசிவன். கள்ளர், இடையர், வலையர், தலித்துகள் ஆகியோருக்கும் கோயிலுக்குமான உறவை ஆராய்ந்த அவரது 'அழகர் கோயில்' ஆய்வேடு 1989இல் மதுரை காமராசர் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. ஆனால் பரவலான வாசகரிடம் அவரைக் கொண்டு சேர்த்தது 1997இல் வந்த 'அறியப்படாத தமிழகம்'. உப்பு, பல்லாங்குழி என்று கைக்கெட்டிய பொருள்களிலிருந்து தொடங்கும் சின்னச் சின்னக் கட்டுரைகள். ஆய்வு மொழியின் விறைப்பு அதில் கிடையாது. திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற தொனி. 2020இல் அவர் மறைந்த பிறகும் அவரது பேச்சுகள் கைபேசிகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. பல்கலைக்கழகச் சுவரைத் தாண்டிய அறிவு என்று இதைக் கொண்டாடலாம். கொண்டாடவும் வேண்டும்.

ஆனால் சுவரைத் தாண்டும்போது எது உள்ளேயே தங்கிவிடுகிறது? ஆய்வேட்டில் கள ஆய்வு இருக்கிறது, கல்வெட்டு இருக்கிறது, 'இப்படியும் இருக்கலாம்' என்ற தயக்கம் இருக்கிறது. சிறு கட்டுரையில் முடிவு மட்டும் மிஞ்சுகிறது. அதைக் கேட்டவர் இன்னொருவருக்குச் சொல்லும்போது 'தொ.ப. சொல்லியிருக்கார்' என்பதே ஆதாரமாகிவிடுகிறது. புராணத்தின் அதிகாரத்தைக் கேள்வி கேட்ட ஆய்வு, தானே ஒரு பிரமாணமாக மாறிவிடும் விந்தை இது. குற்றம் அவர்மீது அல்ல. கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிற நம்மீதுதான்.

இதற்கு நேரெதிரான இன்னொரு கதையும் உண்டு. எம்.ஜி.ஆர். ஆட்சி ஏழைகளுக்குச் சாதகமாக இல்லாதபோதும் ஏழைகள் ஏன் அவரை நேசித்தார்கள் என்று கேட்ட எம்.எஸ்.எஸ். பாண்டியனின் நூல் 1992இல் ஆங்கிலத்தில் வந்தது. தமிழில் 'பிம்பச் சிறை' என்று வந்தது 2016இல். இடையில் 24 வருஷம். அதற்குள், 2014இல், நூலாசிரியரே இறந்துபோனார். யாரைப் பற்றிய புத்தகமோ, அந்த ரசிகனுக்கு 'நீங்க சொல்றது தப்பு சார்' என்று அவரிடம் மறுத்துப் பேச வாய்ப்பே கிடைக்கவில்லை. மொழிபெயர்ப்புத் தாமதம் என்று மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது. பதில் சொல்லும் உரிமை பறிபோவதும் அதிகாரம் செயல்படுகிற ஒரு விதம்தான்.

வெகுசனப் பண்பாட்டு ஆய்வு என்ற துறை பிறந்த இடத்தை இங்கே நினைவுபடுத்திக்கொள்ளலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்தில் ரேமண்ட் வில்லியம்ஸ், ரிச்சர்ட் ஹோகார்ட் போன்றோர் முதியோர் கல்வி வகுப்புகளில் பாடம் எடுத்தவர்கள். வில்லியம்ஸ் 1946இலிருந்து 1961வரை அந்த வேலையில் இருந்தார். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் வேலை பார்த்துச் சம்பாதிக்கும் பெரியவர்கள். தலையாட்டிக் குறிப்பெடுக்கிறவர்கள் அல்ல, எதிர்க்கேள்வி கேட்கிறவர்கள். அந்தக் கேள்விகளில் அடிபட்டுத்தான் அந்தத் துறை உருவானது. நம்மிடமும் முன்னுதாரணம் இல்லாமலில்லை. பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்கு வெளியே நின்றபடியே நா. வானமாமலை நெல்லை ஆய்வுக் குழுவை நடத்தினார். 1969இல் 'ஆராய்ச்சி' இதழைத் தொடங்கினார். அங்கே கட்டுரை வாசிப்பது பாதி வேலை. அதன்மேல் நடக்கும் விவாதம் மறுபாதி.

இன்று ஒலிப்பதிவு செலவில்லாத காரியம். யாரும் ஒரு மணி நேரம் பேசிப் பதிந்து ஊருக்கெல்லாம் அனுப்பலாம். நல்லதுதான். ஆனால் அச்சில் இருந்த ஒருவழிப் பாதை காதுக்கு மாறியிருக்கிறதே தவிர, பாதை மாறியிருக்கிறதா? எளிமையாச் சொல்றதுன்னா சந்தேகத்தை வெட்டி எறியறதுன்னு ஒரு தப்பான கணக்கு நம்மிடம் இருக்கிறது. உண்மையில் 'இது எனக்கு எப்படித் தெரியும்' என்று சொல்வதைவிட எளிமையான வாக்கியம் கிடையாது. கல்வெட்டில் பார்த்தேன், ஒரு பாட்டி சொன்னாள், இது என் ஊகம் — இந்த மூன்றையும் பிரித்துச் சொல்ல அடிக்குறிப்பு தேவையில்லை, நேர்மை போதும்.

நாட்டார் வழக்காற்றியலில் 'தகவலாளி' என்று ஒரு சொல் உண்டு. கதை சொன்னவரைத் தகவலாகச் சுருக்கிவிட்ட சொல். அவரிடம் கேட்டு எழுதியதை அவருக்கே திரும்பக் கேட்கக் கொடுத்தோமா என்பதுதான் கேள்வி. பூவராகர் ஊர்வலத்தைப் பற்றி நாளைக்கு யாராவது ஆராய்ந்து பேசினால், அந்தப் பேச்சு முதலில் ஒலிக்க வேண்டியது கருத்தரங்க மேடையில் அல்ல. ஸ்ரீமுஷ்ணத்துச் சன்னதித் தெருவிலும் தைக்கால் தர்கா வாசலிலும் அதைப் போட்டுக் காட்ட வேண்டும். 'அது அப்படி இல்லைங்க' என்று ஒரு குரல் எழும். ஆய்வு அங்கேதான் தொடங்குகிறது.