சட்டைப் பைக்குள் ஒரு பைனாகுலர்

திருப்பருத்திக்குன்றம் சமணக் கோயிலுக்குப் போனால் கழுத்து வலிக்காமல் திரும்ப முடியாது. விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387இல் கட்டுவித்த சங்கீத மண்டபத்தின் விதானத்தில் தீர்த்தங்கரர் கதைகள் வரிசை வரிசையாக ஓடுகின்றன. பறவை பார்க்க வாங்கிய 8×25 பைனாகுலரை அங்கேதான் முதலில் சோதித்தேன்.

எட்டு மடங்கு பெருக்கம், முன்வில்லை 25 மில்லிமீட்டர். 25ஐ எட்டால் வகுத்தால் மூன்று மில்லிமீட்டர் சொச்சம். கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அகலம் அது. பகல் வெளிச்சத்துக்குப் போதும். பொழுது சாய்ந்தால் 42 மில்லிமீட்டர்தான் ஜெயிக்கும். ஆனால் கழுத்தில் அரைக் கிலோவுக்கு மேல் தொங்கும், எனக்கு ஆகாது. பத்து மடங்குக்கு ஆசைப்பட்டால் கைநடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும்.

வாங்குமுன் பலர் கேட்க மறப்பது, எவ்வளவு கிட்டத்தில் தெளியும் என்பதை. தூரத்து நாரையைத் துல்லியமாகக் காட்டும் சில கருவிகள், தலைக்கு மேலேயே உள்ள ஓவியத்தை மங்கலாக்கிவிடும். என்னுடையது தப்பித்தது. சக்கரத்தை மெல்லத் திருகினேன். வெறும் கோடாக இருந்தது விரலானது, விரலில் நகம் தெரிந்தது.

வெளியே வந்தால் மின்கம்பியில் பனங்காடை. உட்கார்ந்திருக்கும்போது சாதுவான பழுப்பு. பறந்ததும் அந்த நீலம்! தொடர்வதற்குள் வில்லையைத் தாண்டிப் போய்விட்டது.