சத்தமில்லாத வண்டியும் யானைக் காடும்

மைசூரிலிருந்து உதகைக்குச் சைக்கிளில் கிளம்புகிறவர்கள் குண்டல்பேட்டையைத் தாண்டியதும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். முன்னால் பந்திப்பூரும் முதுமலையுமாக ஏறக்குறைய 30 கிலோமீட்டர் காடு. மிதித்தே கடப்பதா, சைக்கிளை ஏதாவது வண்டியில் ஏற்றிக்கொள்வதா? பெரும்பாலோர் மிதிக்கத்தான் ஆசைப்படுகிறார்கள். தெப்பக்காட்டில் மோயாற்றுப் பாலத்தருகே சாலை பிரிகிறது. கூடலூர் வழி நீளம். மசினகுடி வழி குட்டை, ஆனால் அதில் கல்லட்டி மலைச்சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. நெடுந்தூர சைக்கிள்காரர்களிடையே அந்த ஏற்றத்துக்குத் தனி மரியாதை உண்டு. 2008இல் தொடங்கிய ‘டூர் ஆஃப் நீல்கிரீஸ்’ பயணம் அந்த மரியாதையை வளர்த்ததில் பங்கு வகித்தது. இப்போது நாலைந்து நண்பர்கள் சேர்ந்தாலும் இதே தடத்தைத்தான் பிடிக்கிறார்கள்.

காரோடு வைத்துப் பார்த்தால் சைக்கிளுக்காக வாதாடுவது சுலபம். இந்தச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை வந்ததும், பகலிலும் வேகத்தடை மேல் வேகத்தடையாகப் போட்டதும் விலங்குகள் அடிபட்டுச் சாவதால்தான். சைக்கிள் மோதிப் புள்ளிமான் செத்ததாக யாரும் சொல்லப்போவதில்லை. புகை இல்லை, ஹாரன் இல்லை, கதவைத் திறந்துவைத்து அலறவிடும் பாட்டும் இல்லை.

இதைவிடப் பெரிய நன்மை வேறொன்று. மசினகுடியைச் சுற்றி முள்காடு. மழை மறைவுப் பகுதி என்பதால் ஆண்டின் பாதி நாள் மண் புழுதியாகக் கிடக்கும். அங்கிருந்து உதகைக்குச் சுமார் 30 கிலோமீட்டர்தான். அதற்குள் 1,200 மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறோம். முள்மரங்கள் விலகி இலையுதிர் மரங்கள் வரும், காற்றில் ஈரம் ஏறும், ஏதோ ஒரு வளைவில் வியர்வை திடீரென்று குளிரத் தொடங்கும், பிறகு சோலையும் புல்வெளியும். காரில் இது முக்கால் மணி நேரக் குலுக்கல், குழந்தைகளுக்கு வாந்தி. சைக்கிளில் ஒவ்வொரு நூறு மீட்டர் உயரமும் தொடையில் பதிகிறது. நீலகிரியின் நிலவியலைக் கற்க இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது.

சிக்கல் என்னவென்றால், சைக்கிளை நாம் எதற்காகப் புகழ்கிறோமோ அவையே யானை நடமாடும் காட்டில் ஆபத்தாகின்றன. முதலில் அதன் மௌனம். யானைக்குப் பார்வை மந்தம். மோப்பத்தாலும் செவியாலும்தான் சுற்றுப்புறத்தை அறிகிறது. லாரி அரைக் கிலோமீட்டருக்கு முன்பே தன்னை அறிவித்துவிடுகிறது. சாலையோரம் மேயும் யானை அந்த இரைச்சலுக்குப் பழகியும் இருக்கிறது. காற்று எதிர்த்திசையில் அடிக்கும்போது சைக்கிளின் வாசனையும் வராது, சத்தமும் வராது. இரு ஓரமும் ஆளுயரத்துக்கு மேல் உண்ணிச்செடி மண்டிக்கிடப்பதால் நமக்கும் எதுவும் தெரியாது. வளைவில் திரும்பும்போது இருபதடி தூரத்தில் இரண்டு உயிர்கள் ஒன்றையொன்று கண்டு திடுக்கிடுகின்றன. அதில் ஒன்றின் எடை மூன்று நான்கு டன்.

அடுத்தது வேகம். தாய்லாந்து யானைகளை ஓடவிட்டு அளந்த ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட உச்ச வேகம் மணிக்குச் சுமார் 25 கிலோமீட்டர். பையும் சுமையுமாகச் சமதரையில் போகிறவர் அந்த வேகத்தை எட்டினாலே பெரிது. கல்லட்டி ஏற்றத்தில் ஏழெட்டுக் கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிறவரைப் பற்றிக் கணக்குப் போடவே வேண்டாம். மேலும், வண்டிக்குள் இருப்பவரை ஒரு பெரிய பொருளின் பகுதியாகக் கண்டு ஒதுங்கும் விலங்கு, சைக்கிளில் வருபவரை மனிதனாகவே பார்க்கிறது.

மெதுவாகப் போவதால் காட்டுக்குள் இருக்கும் நேரமும் நீள்கிறது. வெயிலுக்கு முன் ஏறிவிட வேண்டும் என்று சைக்கிள்காரர்கள் 6 மணிக்குச் சோதனைச்சாவடி திறக்கும்போதே காத்து நிற்பார்கள். இரவெல்லாம் அமைதியாகக் கிடந்த சாலையோரத்தில் விலங்குகள் இன்னும் உலவிக்கொண்டிருக்கும் நேரம் அதுதான். நூறு பேர் போகும் பயணமானால் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் இடையே பல கிலோமீட்டர் இடைவெளி விழும். சாலையைக் கடக்க நினைக்கும் ஒரு யானைக் கூட்டத்துக்கு அது நீண்ட, துண்டு துண்டான தொந்தரவு. கூடவே மூட்டை ஏற்ற ஒரு வேன், தண்ணீருக்கு ஒன்று, மெக்கானிக்குக்கு ஒன்று. புகையில்லாப் பயணம் என்று துண்டறிக்கை அச்சிடுகிறவர்கள் இந்த வேன்களையும் சேர்த்து எண்ணலாம்.

உள்ளூர்க்காரர்கள் காலம் காலமாக நடந்தும் இருசக்கர வண்டியிலும் போகிறார்களே என்று கேட்கலாம். மாவனல்லாவிலும் வாழைத்தோட்டத்திலும் இருப்பவர்களுக்கு வேறு வழியில்லை. எந்த வளைவில் எந்த யானை நிற்கும் என்று டீக்கடையில் கேட்டுவிட்டுக் கிளம்புவார்கள். சந்தேகம் வந்தால் திரும்பிவிடுவார்கள். 2021இல் எம்டிடி-23 என்று எண்ணிடப்பட்ட புலியை வனத்துறை வாரக்கணக்கில் தேடிய நாட்களில் மசினகுடி மக்கள் எப்படி இருந்தார்கள் என்பதை அவர்களிடமே கேட்க வேண்டும். பயணிக்கோ மாலைக்குள் போய்ச்சேர வேண்டிய அறை முன்பதிவாகியிருக்கிறது. திரும்பிப் போவது அவர் திட்டத்திலேயே இல்லை.

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயத்துக்குள் நுழையக் கட்டுப்பாடு விதித்தாலும், பொது நெடுஞ்சாலை வழியே கடந்து செல்பவருக்கு விலக்கு தருகிறது. அந்த விலக்கு கடந்து செல்வதற்கு மட்டும். 30 கிலோமீட்டரை ஒருமுறைகூட இறங்காமல், பஞ்சர் ஆகாமல், படம் பிடிக்காமல், ஓரம் ஒதுங்காமல் மிதித்துக் கடக்கும் மனிதர் சட்டப் புத்தகத்தில் மட்டும்தான் இருக்க முடியும்.

இவ்வளவும் சாலையில் நடப்பவை. ராத்தங்கலில் நடப்பதுதான் அதிகக் கேடு. பகல் பயணத்தை மசினகுடியில் முறித்து, காட்டை ஒட்டிய விடுதியில் தங்குவது வழக்கம். கிழக்கு, மேற்குத் தொடர்ச்சி மலைகளை இணைக்கும் சீகூர் யானை வழித்தடம் அங்கேதான் போகிறது. வழித்தடத்தை அறிவித்தது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் தீர்ப்பளித்தது. அடுத்த ஜனவரியிலேயே, விடுதி ஒன்றை ஒட்டி, எரியும் டயரை யானைமேல் எறிந்த காணொளியை நாடே பார்த்தது. அந்த யானை செத்தது. டயரை எறிந்தவர்கள் சைக்கிள் பயணிகள் இல்லைதான். ஆனால் ‘யானை வரும் விடுதி’ என்று தேடிப் பணம் கட்டுகிறவர்களில் அவர்களும் உண்டு. பகலெல்லாம் புகை விடாமல் வந்த நல்ல பெயர் அந்த அறைச் சாவியை வாங்கும்போது பாதி போய்விடுகிறது.

சுற்றுச்சூழல் சுற்றுலா பேசுகிறவர்களின் மனதில் ஓடும் படம் நெதர்லாந்தினுடையது. அங்கே ஹோகே வெலுவே தேசியப் பூங்காவில் சுமார் 1,800 வெள்ளைச் சைக்கிள்கள் நிற்கின்றன. நுழைவுக் கட்டணம் கட்டியவர் இலவசமாக எடுத்து, 40 கிலோமீட்டருக்கும் அதிகமான சைக்கிள் பாதைகளில் சுற்றலாம். அழகான ஏற்பாடு. ஆனால் 5,400 ஹெக்டேர் கொண்ட அந்தப் பூங்கா வேலியிட்டது. குரோலர்–முல்லர் தம்பதி வேட்டைக்காகவும் கலைக்காகவும் வாங்கிச் சேர்த்த தோட்டமாகத் தொடங்கியது. மான்களும் காட்டுப்பன்றிகளும் திரியும் அங்கேயே அண்மை ஆண்டுகளில் ஓநாய் நுழைந்ததும் பெரிய சர்ச்சை மூண்டது. முதுமலைக்கு வேலி போட முடியாது. பந்திப்பூருக்கும் வயநாட்டுக்கும் சத்தியமங்கலத்துக்கும் திறந்து கிடப்பதால்தான் 321 சதுர கிலோமீட்டருக்குள் இத்தனை யானை வந்துபோகிறது.

நீலகிரியில் சைக்கிளே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். காட்டுத் துண்டை மட்டும் வண்டியில் கடக்கலாம். மேலுக்காமனஹள்ளி சோதனைச்சாவடிக்கு முன்பே சைக்கிளை ஏற்றி, தொரப்பள்ளி தாண்டி இறக்கி, கூடலூரிலிருந்து நடுவட்டம், பைக்காரா வழியாக உதகைக்கு மிதிக்கலாம். கூடலூரிலும் யானை உண்டு, தேயிலைத் தோட்டங்களில் ஆட்கள் மிதிபட்டுச் சாகிறார்கள். இருந்தாலும் அந்தச் சாலையில் கண்ணுக்கு எட்டும் தூரம் அதிகம், அடுத்த கடையும் வீடும் அருகிலேயே இருக்கும். மைசூரு முதல் உதகை வரை அறுபடாத கோடாக வரைபடத்தில் காட்ட வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது கசக்கும். அவர்களுக்காக நான் வருந்தவில்லை. வருத்தம் வேறு: முள்காட்டிலிருந்து சோலைவரை காலால் அறியும் அந்தக் கல்லட்டிப் பாடம் இந்த வழியில் கிடைக்காது, கூடலூர்ப் பக்கம் அடிவாரத்திலேயே ஈரம். அந்த இழப்புக்கு ஈடாகத் தர என்னிடம் வேறு சாலை இல்லை. ஆனாலும் குண்டல்பேட்டையில் நின்று என்னைக் கேட்பவர்களிடம், வேனுக்குச் சொல்லிவையுங்கள் என்றுதான் சொல்வேன்.