ஆற்றைக் கேட்டு மீனுக்குப் பேர் சொல்வது

தேவிகாபுரம் என்றால் பட்டுத்தறியும் பெரியநாயகி அம்மன் கோயிலும் நினைவுக்கு வரும், கடல் வராது. ஆனாலும் அந்த வட்டாரத்தில் பெய்யும் மழை, ஏரிகள் குடித்தது போக, கலிங்கல் தாண்டி ஓடைகளில் இறங்கிச் செய்யாற்றைப் பிடிக்கிறது. செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கிறது. பாலாறு வாயலூரைக் கடந்து, சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. தண்ணீர் போகிற வழியில் மீனும் போகும்; கடல் மீன் எதிர்த் திசையில் ஏறி வரும். இரண்டும் சந்திப்பது ஆற்றின் கடைசிச் சில கிலோமீட்டரில், ஓதம் (கடல் ஏற்ற இறக்கம்) எட்டுகிற மேல் எல்லையில். அங்கே பழக்கமில்லாத மீன் ஒன்று வலையில் விழுந்தால் அதற்குப் பேர் சொல்லும் முறை ஏறக்குறைய எல்லாரிடமும் ஒன்றுதான். எந்த ஆறு என்று முதலில் கேட்பார்கள். அந்த ஆற்றில் என்னென்ன மீன் உண்டு என்று மனத்திலோ புத்தகத்திலோ பட்டியல் போடுவார்கள். கையிலிருப்பது அந்தப் பட்டியலில் எதற்குக் கிட்டே வருகிறதோ அதன் பேரைச் சொல்லிவிடுவார்கள். வலைக்காரர், வியாபாரி, செய்தியாளர், விலங்கியல் மாணவர் என ஆள் மாறினாலும் முறை மாறுவதில்லை. இடத்தை முன்வைக்கும் இந்த வழக்கம் ஏரியிலும் ஆழ்கடலிலும் நன்றாகவே வேலை செய்கிறது. எதிர்பாராத மீன் எங்கே அதிகம் கிடைக்குமோ அந்த ஓத எல்லையில்தான் அது தவறுகிறது. அங்கே உடலை முதலில் பார்த்து, இடத்தைக் கடைசியில் கேட்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இடத்தை முன்வைக்கும் முறையின் பலத்தைக் குறைத்துச் சொல்வது நியாயமல்ல. இந்தியக் கடலிலும் நன்னீரிலுமாக மூவாயிரத்துக்கு மேற்பட்ட மீனினங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் துடுப்பு முள்ளை எண்ணிச் செதில் வரிசையை எண்ணிப் பேர் சொல்வதென்றால் அன்றைய மீன் அன்றைக்கு விற்காது. ஆரணிப் பக்கத்து ஏரி ஒன்றைக் கோடையில் அழித்துப் பிடிக்கும்போது விரால், கெளுத்தி, கெண்டை, உளுவை, ஜிலேபி என்று ஒரு கைக்குள் அடங்கும் பட்டியலே போதும். பத்துக்கு ஒன்பது முறை அது சரியாகவே இருக்கும். ஆய்வாளரும் இதையே கொஞ்சம் ஒழுங்காகச் செய்கிறார். பரவல் எல்லையைப் பார்த்துச் சாத்தியமில்லாதவற்றைக் கழித்துவிட்டு மிச்சத்தில் தேடுகிறார். இது சோம்பேறித்தனம் அல்ல, அனுபவத்தின் சுருக்கம். குறை என்னவென்றால், சுருக்கம் எதை விட்டுவிட்டது என்பதை அது ஒருபோதும் சொல்வதில்லை.

ஓத எல்லையின் இயல்பைப் பார்த்தால் ஏன் தவறுகிறது என்பது விளங்கும். சோழமண்டலக் கரையில் கடல் ஏற்றம் சுமார் ஒரு மீட்டர் அளவுதான். ஹூக்ளியைப் போல நாலைந்து மீட்டர் ஏறுவதில்லை. அதனால் உப்பு நீர் எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்பதைத் தீர்மானிப்பது ஓதத்தைவிட முகத்துவாரத்து மணல் திட்டும் மேலிருந்து வரும் நீரும்தான். கோடையில் திட்டு வாயை அடைத்தால் உள்ளே வந்த கடல் மீன் அங்கேயே மாட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் வாய் உடைந்தால் ஒரே நாளில் கழி முழுக்க நன்னீராகிவிடும். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக் கடல் உயிரியல் ஆய்வாளர்கள் வெள்ளாற்றின் முகத்தைக் கடல் மண்டலம், மாறுமண்டலம், ஓத மண்டலம், நன்னீர் மண்டலம் என்று பிரித்துப் படித்தார்கள். நல்ல பிரிவுதான், ஆனால் மீன் அந்தக் கோட்டில் நிற்பதில்லை. கொடுவா முகத்துவாரத்தருகே முட்டையிடும், குஞ்சு நன்னீர் தேடி ஏறும். விலாங்கு அதற்கு நேர் எதிர்: ஆழ்கடலில் பிறந்து, ஆற்றில் வளர்ந்து, திரும்பக் கடலுக்குப் போகும். மடவையும் பால்மீனும் கீச்சானும் உப்பு குறைந்தாலும் கவலைப்படாதவை. இவற்றின் குஞ்சுகள் தாயைப் போல இருப்பதுமில்லை. விலாங்குக் குடும்பத்துக்கும் மோரான் கெண்டைக்கும் இளம்பருவத்தில் ஒரே மாதிரி கண்ணாடி போன்ற நாடா உடல். வால் பிளந்திருக்கிறதா என்று பார்த்தால்தான் மோரான் கெண்டை என்று தெரியும். கைக்கெட்டும் தூரத்தில் கடல் இருந்தும் ஆற்று மீன் பட்டியலோடு உட்கார்ந்தால் இவற்றில் பாதி பாம்பாகவும் புழுவாகவும் கணக்கில் சேரும்.

மேலிருந்து வருகிறவை இன்னும் சிக்கல். 1952இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலாப்பியா இன்று ஜிலேபி என்ற பேரில் ஊர் மீனாகவே ஆகிவிட்டது. அது கடல் நீரையும் தாங்கும். பின்னால் வந்த நைல் திலாப்பியாவின் வாலில் செங்குத்துக் கோடுகள் உண்டு, மொசாம்பிக்குக்கு அது கிடையாது. இரண்டும் கலந்து பெருகிய பிறகு அந்தக் கோட்டை மட்டும் நம்ப முடியாது. மத்திய அரசு 2000ஆம் ஆண்டிலேயே தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தி குளங்களில் ரகசியமாக வளர்க்கப்பட்டு, வெள்ளம் வரும்போது கரை தாண்டுகிறது. ரூப்சந்த் என்று சந்தைக்கு வரும் பாக்கு மீனை வவ்வால் என்று நம்பி வாங்குகிறவர்கள் உண்டு. வெள்ளை வவ்வாலுக்கு வயிற்றுத் துடுப்பே இல்லை. பாக்குக்கு வயிற்றுத் துடுப்பும் உண்டு, முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே சதைத் துடுப்பு ஒன்று கூடுதலாகவும் உண்டு. இதைப் பார்க்க அரை நிமிடம் போதும், ஆனால் கடல் பக்கத்தில் பிடித்தது என்று கேட்ட உடனேயே வவ்வால் என்ற பேர் முந்திக்கொள்கிறது. கண்ணாடித் தொட்டியைச் சுத்தம் செய்ய வாங்கி, பிறகு ஏரியில் விட்ட கவசக் கெளுத்தி சென்னையைச் சுற்றிய நீர்நிலைகளில் பெருகிவிட்டது. மெக்சிகோவின் கிரிஹால்வா ஆற்றில் அது உப்பு கலந்த நீரிலும் உயிர் வாழ்வதைக் கண்டிருக்கிறார்கள். 2018 வெள்ளத்தின்போது கேரளத்து ஆறுகளில் அமேசான் மீனான அரபைமா வலையில் விழுந்தது. நவம்பர் 2021இல் பாலாறு நெடுங்காலம் காணாத வெள்ளத்தைக் கண்டபோது மேலேயுள்ள குளங்களிலிருந்து என்னவெல்லாம் கீழே போயிருக்கும் என்பதற்கு எந்தப் பட்டியலிலும் பதில் இருக்க வழியில்லை.

அச்சிட்ட அடையாளத் திறவுகோல்களும் இதே பள்ளத்தில்தான் விழுகின்றன. பிரான்சிஸ் டே 1875 முதல் 1878 வரை வெளியிட்ட நூல் இன்றும் மதிக்கத்தக்கது; தல்வாரும் ஜிங்ரனும் 1991இல் கொடுத்த உள்நாட்டு மீன் நூல் பெரும் உழைப்பு. ஆனால் முள் எத்தனை, செதில் எத்தனை என்று இரண்டிரண்டாகக் கிளை பிரியும் திறவுகோலில் "இவற்றில் எதுவும் இல்லை" என்று ஒரு வாசல் இருப்பது அபூர்வம். புத்தகம் எழுதியபோது ஆற்றில் இல்லாத மீனைக் கொடுத்தாலும் அது கடைசியில் ஏதோ ஒரு பேரில் கொண்டுபோய் நிறுத்தும். படிக்கிறவருக்கு வந்துசேர்ந்த திருப்தியும் கிடைக்கும். தேவிகாபுரத்துக்காரருக்கு இதைச் சுருக்கமாகச் சொல்லலாம்: கடை காஞ்சிபுரத்தில் இருப்பதால் சேலையும் காஞ்சிபுரம் என்று எடுத்துக்கொள்வதும், முந்தியைத் திருப்பி ஊடையையும் ஜரிகையையும் பார்ப்பதும் ஒன்றல்ல.

தப்பான பேர் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சுறாவைவிட நல்ல சாட்சி இல்லை. கங்கைச் சுறா என்று ஒன்று 1839இல் அறிவியலில் பதிவானது. அதன் பிறகு கங்கையில் மனிதரைக் கடித்த சுறாவெல்லாம் அதன் தலையில்தான் கட்டப்பட்டது. கங்கையில் இருந்தால் கங்கைச் சுறாவாகத்தானே இருக்கும். அவற்றுள் பல, ஆறுகளில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஏறக்கூடிய காளைச் சுறாவாக இருந்திருக்கலாம் என்பதுதான் இப்போதைய கருத்து. இரண்டையும் பிரிப்பது உடல்: கங்கைச் சுறாவின் இரண்டாம் முதுகுத் துடுப்பு முதலாவதில் ஏறக்குறைய பாதி உயரம், காளைச் சுறாவுக்கு மூன்றில் ஒன்றுதான், வாலுக்கு முன்னாலுள்ள பள்ளம் முன்னதற்கு நீளவாக்கில், பின்னதற்குக் குறுக்கே. 2016இல் மும்பை சசூன் துறைமுகத்தில் ஒரு கங்கைச் சுறா கரைக்கு வந்தது. அரபிக்கடலோரத்து மும்பையை வைத்துக் கழித்திருந்தால் அந்தப் பேர் முதல் சுற்றிலேயே போயிருக்கும். உடலைப் பார்த்ததால்தான் நின்றது. இது வெறும் பண்டிதச் சண்டையும் அல்ல. கங்கைச் சுறா வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. தப்பான பேர் ஒரு மீனவரை வழக்கில் மாட்டிவிடவும் கூடும், அழியும் இனத்தை விற்பனைக்கு விட்டுவிடவும் கூடும்.

இடப் பட்டியல் என்பதும் நிலையான ஒன்று அல்ல. உள்ளம் மீன், வங்காளிகள் இலிஷ் என்று கொண்டாடுவது, ஒருகாலத்தில் கொள்ளிடத்திலும் காவிரியிலும் முட்டையிட ஏறியது. 1836இல் கட்டிய கீழணை அதைத் தடுத்தது. 1934இல் முடிந்த மேட்டூர் அணை மிச்சத்தையும் முடித்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண மீன்துறை கீழணையிலேயே செயற்கைக் கருவூட்டலுக்கு முயன்று பார்த்தது. இன்று கீழணைக்கு மேலே ஓர் உள்ளம் அகப்பட்டால் நாம் அதை விநோதம் என்போம். இருநூறு ஆண்டுக்கு முன்னால் அது அந்த ஆற்றின் சொந்தக்காரர். பாலாற்றில் வாயலூர்த் தடுப்பணை இப்போது அதே வேலையைச் சின்ன அளவில் செய்கிறது. கடல் நீர் ஏறாமல் இருக்கவும் நிலத்தடி நீரைக் காக்கவும் கட்டியது அது. அந்த நோக்கத்தில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் ஓதம் படிப்படியாகக் குறைகிற எல்லையாக இருந்த இடம் ஒரே சுவராகிவிட்டது. ஏறி வந்த குஞ்சுகள் சுவரடியில் கூடும், வெள்ளத்தில் வந்த ஏரி மீனும் அங்கேயே விழும்.

இந்த வாதத்துக்கு மூன்று மறுப்புகள் வரும். கழிமுகத்திலேயே தலைமுறையாக வலை வீசுகிறவருக்குத் தெரியாததா என்பது முதலாவது. அவருக்கு நிறையத் தெரியும். பல சமயம் பட்டம் பெற்றவரைவிட. எந்த நிலவுக்கு எந்த மீன் ஏறும் என்ற அறிவு எந்த நூலிலும் இல்லை. ஆனால் அந்த அறிவு வழக்கமாக வருவதைப் பற்றியது. புதிதாக வந்ததற்கு அவர் வைக்கும் பேர் பழையதின் சாயலில் இருக்கும், அது இயல்பு. அந்தப் பேரை அப்படியே அறிவியல் பேராக மொழிபெயர்க்கிறவரிடம்தான் பிழை. இரண்டாவது மறுப்பு கனமானது: மரபணுப் பட்டைக்குறி வந்துவிட்டதே, துண்டுச் சதையை அனுப்பினால் பேர் வந்துவிடுமே என்பது. நைந்து சிதைந்த மீனுக்கும் குஞ்சுக்கும் இதுபோல் உதவி வேறில்லை, ஒத்துக்கொள்ளலாம். ஆனால் அது படிக்கும் மரபணுத் துண்டு மைட்டோகாண்ட்ரியாவைச் சேர்ந்தது, தாய் வழியில் மட்டும் வருவது. நாட்டுக் கெளுத்தியையும் ஆப்பிரிக்கக் கெளுத்தியையும் கலந்து உண்டாக்கிய கலப்பினத்தைக் கொடுத்தால் அது தாயின் பேரை மட்டும் சொல்லும், தகப்பனை மறைத்துவிடும். அதோடு ஒப்பிடும் தரவுத்தளத்தில் முதலில் பேர் ஏற்றியவர் தப்பாக ஏற்றியிருந்தால் அந்தத் தப்பும் ஆய்வகச் சான்றோடு திரும்பி வரும். கெளுத்தியில் இது நடக்கக்கூடியதே: இந்திய நாட்டுக் கெளுத்தியை நெடுங்காலம் கிளாரியஸ் பட்ராக்கஸ் என்றே எழுதினார்கள், 2008இல்தான் அந்தப் பேர் ஜாவாவுக்குரியது, இந்திய மீன் மாகுர் என்று பிரித்தார்கள். ஆகவே சோதனை உடலைப் பார்ப்பதற்கு மாற்றாக முடியாது. தலை ஓட்டின் பின்முனையையும் செவுள் சீப்பின் பற்களையும் பார்த்த பிறகு வந்தால் அதற்கு அர்த்தம் உண்டு. மூன்றாவது, உண்ணும் மீனுக்கு இவ்வளவு அலட்டல் எதற்கு என்பது. உண்ணுகிற வரை எதற்கும் இல்லைதான். தடை, வழக்கு, இழப்பீடு, ஆற்றில் எதை விடலாம் என்ற அரசு முடிவு என்று பேர் பயணப்படத் தொடங்கினால் எளிதில் திரும்ப வராது.

முறையை மாற்றுவதற்குப் பெரிய செலவு இல்லை. மீனைப் பக்கவாட்டில் வைத்து, துடுப்புகளை விரித்து, அளவுகோலோடு ஒரு படம். நிறம் மங்குமுன், பனிக்கட்டியில் போடுமுன். முதுகுத் துடுப்பிலும் குதத் துடுப்பிலும் முள்ளும் கதிரும் எத்தனை என்ற எண்ணிக்கை. எரிசாராயத்தில் ஒரு துண்டுச் சதை. அன்றைக்கு நீரின் உப்பு, ஏற்றமா வற்றமா, முகத்துவாரம் திறந்திருந்ததா அடைந்திருந்ததா என்ற குறிப்பு. இவையெல்லாம் சேர்ந்த பிறகு பேர். அதுவும் எவ்வளவு தூரம் உறுதியோ அவ்வளவு தூரம் மட்டும். "கிளாரியஸ் பேரினம், இனம் உறுதியில்லை" என்று எழுதினால் செய்தித்தாளுக்கு அது சுவையாக இராது, வாசகருக்கும் அரைகுறையாகத் தோன்றும். சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் கிளையும், பொன்னேரியில் மீன்வளப் பல்கலைக்கழகக் கல்லூரியும் இருக்கும்போது மாதிரியைக் கொண்டுபோக வழியில்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் அரைப் பேரோடு போன மாதிரிக்குத்தான் அங்கே வேலை உண்டு, முழுப் பேர் ஒட்டிப் போனதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. வாயலூர் அணைக்குக் கீழே பிடிபட்ட ஒன்றை இன்று வெறுமனே வவ்வால் என்று எழுதிவைத்தால் பத்து ஆண்டு கழித்து அதைச் சரிபார்க்க வழி இருக்காது. எண்ணிக்கையும் சதைத் துண்டும் இருந்தால் அப்போதும் பேரை அடித்துவிட்டு வேறு எழுதலாம்.