புதுக்குரல்கள் மட்டும் படித்தால் ‘எழுத்து’ தெரியாது

சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ பற்றி வந்த ஆய்வுக் கட்டுரைகளில் நான் பார்த்தவரை, அடிக்குறிப்பில் இதழ் எண் வருவது அபூர்வம். பெரும்பாலும் ‘புதுக்குரல்கள்’ தொகுப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். 1962இல் வந்த தொகுப்பு அது. 24 பேர், 63 கவிதைகள். நல்ல தொகுப்புதான், சந்தேகமே இல்லை. ஆனா அது வடிகட்டிய பிறகு கிடைத்தது.

‘எழுத்து’ 1959 ஜனவரியில் தொடங்கியது விமர்சனத்துக்காக. புதுக்கவிதைப் பத்திரிகை என்ற பெயர் பிறகு வந்தது. எப்படி மாறியது என்று தொகுப்பு சொல்லாது. டெல்லியில் வேலை பார்த்த வெங்கட் சாமிநாதனும் திருகோணமலை இளைஞர் தருமு சிவராமுவும் கவிதையைச் சுற்றி நடத்திய விவாதங்கள் 119 இதழ்களில்தான் இருக்கின்றன. என் தொழில் பாஷையில் சொன்னா, தொகுப்பு என்பது ரிலீஸ். பழைய இதழ்தான் கமிட் ஹிஸ்டரி. ரிலீஸை மட்டும் பார்த்து யார் எதை ஏன் மாற்றினார்கள் என்று சொல்ல முடியாது.

சரி, ராஜபாளையத்தில் இருக்கும் மாணவர் எங்கே தேடுவது? ராஜுக்கள் கல்லூரி தொடங்கியது 1973இல். ‘எழுத்து’ 1970லேயே நின்றுவிட்டது. அந்தத் தலைமுறைக் கல்லூரி எதுவும் சந்தா கட்டி வாங்கியிருக்க வழியில்லை. இருந்தால் யாரோ ஒரு வாசகர் கொடுத்த நன்கொடையாகத்தான் இருக்கும். அதனால கம்ப்யூட்டரில் தேடி ‘இல்லை’ என்று வந்ததும் கிளம்பிடாதீங்க. நன்கொடைப் பதிவேட்டைக் கேளுங்க. பைண்டு வால்யூம் பத்திரிகைப் பெயரில் மட்டும் பதிவாகியிருக்கும். ஆசிரியர் பெயரில் தேடினால் சிக்காது. அங்கும் இல்லையென்றால் கல்லூரி நூலகரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் கேட்கலாம்.

நூலகங்கள் மேலும் ஒரு குறை உண்டு. இடமில்லை என்று முதலில் வெளியே போவது பழைய இதழ்கள்தான். புத்தகம் மறுபதிப்பு வரும். இதழில் வந்த ஒரு வாசகர் கடிதம் வராது. ஒவ்வொரு வால்யூமுக்கும் பொருளடக்கத்தை மட்டுமாவது தட்டச்சு செய்து வைக்கலாமே. தமிழ்த்துறை மாணவர்கள் நாலு பேர் ஒரு பருவத்தில் முடித்துவிடுவார்கள்.

1875லேயே பென்னிங்டன் நூலகம் வந்த ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் இருக்கிறது. படிக்கும் பழக்கம் இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. செல்லப்பா தன் வெளியீடுகளைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகக் கொண்டுபோய் விற்றவர். கல்லூரி வரை அவர் கொண்டுவந்து சேர்த்தார். அலமாரியில் வைத்துக் காப்பாற்றுவதாவது நம்ம பொறுப்பு.